மெடிக்கல் போர்டிலிருந்து கடிதம் வந்தால்: நாமே பதில் எழுதுவதா, வக்கீல் வைப்பதா, கையெழுத்துப் போடுவதா, எதிர்த்து நிற்பதா?

ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்குத் தோழி ஒருத்தி அழைத்தாள். டெக்சாஸில் சின்ன ஊர் ஒன்றில் இன்டர்னல் மெடிசின் பார்க்கிறாள். ரெசிடென்சியில் எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், அன்றிலிருந்து அக்கா என்றுதான் கூப்பிடுவாள். "அக்கா, மெடிக்கல் போர்டிலிருந்து லெட்டர் வந்திருக்கு" என்றவளுக்கு அதற்குமேல் பேச்சு வரவில்லை. மருத்துவர்களுக்கு உரிமம் கொடுப்பதும், புகார் வந்தால் விசாரிப்பதும் மாநிலத்தின் இந்த போர்டுதான். இரத்தப் பரிசோதனை முடிவு வந்தும் மூன்று வாரம் யாரும் தகவல் சொல்லவில்லை என்று ஒரு நோயாளியின் மகள் புகார் கொடுத்திருக்கிறார். கடிதத்தைப் பிரித்த சூட்டோடு இவள் இரண்டு பக்கப் பதிலைத் தட்டிவைத்துவிட்டாள். அது போதாதென்று, பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த நோயாளியின் கோப்பு அவள் லேப்டாப்பில் திறந்திருந்தது. முடிவைச் சொல்லச் சொல்லி நர்ஸிடம் வாய்வார்த்தையாகச் சொன்னது குறிப்பில் இல்லையாம், இப்போது ஒரே ஒரு வரி சேர்த்துவிடலாமா என்று கேட்டாள். "முதலில் லேப்டாப்பை மூடு" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன், பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்தவர் எழுந்துவிட்டார்.

அந்த ஒரு வரி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எந்த நிமிடம் யார் கோப்பைத் திறந்தார்கள், எந்த எழுத்தை மாற்றினார்கள் என்பதெல்லாம் மின்னணுப் பதிவேட்டின் உள்ளே தனியாகப் பதிவாகிறது, போர்டு அதையும் கேட்டு வாங்கும். முடிவைத் தாமதமாகச் சொன்னது ஒரு சிறிய தவறு. கடிதம் வந்த இரவில் குறிப்பைத் திருத்தியது மோசடி என்ற பெயரில் வந்து நிற்கும். கலிபோர்னியாச் சட்டத்தில் ஏமாற்றும் நோக்கத்தோடு மருத்துவக் குறிப்பை மாற்றுவது தனிக் குற்றச்சாட்டாகவே இருக்கிறது.

நான் வக்கீல் இல்லை, மருத்துவர். ஆனால் அந்த இரவுக்குப் பிறகு அவளோடு உட்கார்ந்து நிறையப் படித்தேன், வக்கீல்களிடம் பேசினேன், இதே நிலையில் இருந்த வேறு சிலரிடமும் கேட்டேன். அமெரிக்காவில் நம் ஊர்க்காரர்கள் இவ்வளவு பேர் மருத்துவம் பார்க்கிறோம், இதைப் பற்றி மட்டும் யாரும் யாரிடமும் பேசுவதில்லை. வெட்கம், பயம், ஊருக்குத் தெரிந்துவிடுமோ என்ற எண்ணம். அதனால் ஒவ்வொருவரும் அந்தக் கடிதத்தைத் தனியாகப் பிரித்து, தனியாகத் தவறு செய்கிறோம். என் எண்ணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த முதல் வாரத்தில் எந்த வழி சுலபமாகத் தெரிகிறதோ அதுதான் பெரும்பாலும் பத்து வருடத்துக்கு விலை கேட்கும் வழி.

முதலில் நம் உரிமை எதுவரை என்று பார்க்கலாம். மருத்துவ உரிமம் கொடுக்கவும் மறுக்கவும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்பது 1889இலேயே டென்ட் எதிர் மேற்கு வர்ஜீனியா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த விஷயம். அதே சமயம் கொடுத்த உரிமம் நம் சொத்து போன்றது, உரிய முறை இல்லாமல் பறிக்க முடியாது. என்ன குற்றச்சாட்டு என்று எழுத்தில் கேட்கலாம், வக்கீலோடு வரலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம், முடிவை எதிர்த்து நீதிமன்றம் போகலாம். ஆனால் ஜூரி கிடையாது, அரசு செலவில் வக்கீல் கிடையாது. விசாரிப்பதும் தீர்ப்பளிப்பதும் ஒரே போர்டுதானே, இது நியாயமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். விஸ்கான்சின் மருத்துவர் லார்கின் இதைக் கேட்டுத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975இல் வந்த தீர்ப்பு, அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் விசாரணை செல்லாததாகிவிடாது என்றது. போர்டு உறுப்பினருக்குத் தனிப்பட்ட பண லாபமோ விரோதமோ இருப்பதைக் காட்டினால் கதை வேறு. அதைக் காட்டுவது கடினம்.

சிகிச்சையில் தவறு செய்தால்தான் போர்டு வரும் என்றும் நினைக்க வேண்டாம். பார்ஸ்கி என்ற நியூயார்க் அறுவை மருத்துவர், ஸ்பானிய அகதிகளுக்கு உதவிய அமைப்பின் ஆவணங்களை நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்படைக்க மறுத்துச் சிறை சென்றார். அந்தத் தண்டனையைக் காரணமாக வைத்து அவர் உரிமத்தை ஆறு மாதம் நிறுத்தியதை 1954இல் உச்ச நீதிமன்றமே சரி என்றது. ஒரு நோயாளிகூட அவர்மேல் புகார் சொன்னதில்லை. இன்றைக்கும் குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, வரி விவகாரம் என்று ஆஸ்பத்திரிக்கு வெளியே நடந்ததற்கெல்லாம் கடிதம் வருகிறது.

சரி, வழிகளுக்கு வருவோம்.

நாமே பதில் எழுதுவது. செலவு இல்லை, வேகமாக முடியும், "மறைக்க எதுவும் இல்லை" என்று காட்டிக்கொள்ளலாம். சில நேரங்களில் இது உண்மையிலேயே போதும். முகவரி மாற்றத்தைத் தெரிவிக்கவில்லை, தொடர்கல்வி மணிநேரச் சான்று அனுப்பவில்லை, நோயாளி கேட்ட கோப்பின் நகல் தாமதமானது, இந்த மாதிரிக் கடிதத்துக்கு ஆவணத்தை இணைத்து நாலு வரி எழுதினால் முடிந்துவிடும். நோயாளிக்கு ஏற்பட்ட தீங்கு, மருந்துச் சீட்டு, குறிப்பாக அடிமையாக்கக்கூடிய ஓபியாய்டு வலிநிவாரணிகள், பாலியல் புகார், போதை, பில்லிங் என்று எது வந்தாலும் நாமே எழுதக் கூடாது. நாம் எழுதுவது விளக்கக் கடிதம் என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் அது வாக்குமூலம். அதில் இருக்கும் ஒவ்வொரு வாக்கியமும் பிறகு நிபுணர் சாட்சியின் மேசையில் இருக்கும், தேவைப்பட்டால் அரசு வழக்கறிஞரிடமும் போகும். என் தோழியின் அந்த இரண்டு பக்கத்தில் நோயாளியின் மகளைப் பற்றி ஒரு முழுப் பத்தி இருந்தது: எவ்வளவு கடுமையாகப் பேசுவார், எத்தனை முறை அப்பாயின்ட்மென்ட்டைத் தவறவிட்டார் என்று. கோபத்தில் எழுதியது. படிக்கிறவருக்கு இந்த டாக்டருக்கு அந்தக் குடும்பத்தைப் பிடிக்கவில்லை என்பது மட்டும்தான் மனதில் நிற்கும்.

பதிலே சொல்லாமல் இருப்பது இன்னும் மோசம். ஒத்துழைக்க வேண்டும் என்பது பல மாநிலங்களில் உரிமத்தோடு வரும் கடமை. கலிபோர்னியாவில் தகுந்த காரணம் இல்லாமல் போர்டின் நேர்காணலுக்குப் போகாமல் இருப்பதே நடத்தைத் தவறு. குற்றவியல் வழக்கு வரக்கூடிய விஷயமென்றால் தனக்கெதிராகச் சாட்சி சொல்லாமல் இருக்கும் அரசியலமைப்பு உரிமை இங்கேயும் உண்டுதான். ஆனால் அதை எப்போது, எந்தக் கேள்விக்குப் பயன்படுத்துவது என்பதை வக்கீல்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிவில் விவகாரங்களில் மௌனத்தை நமக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் இடம் இருக்கிறது.

வக்கீல் என்றதும் எல்லோருக்கும் முதலில் வரும் பயம் பணம். இங்கேதான் நிறையப் பேர் கோட்டைவிடுகிறார்கள். மால்பிராக்டிஸ் இன்ஷூரன்ஸ், அதாவது சிகிச்சைத் தவறு வழக்குகளுக்காக நாம் எடுக்கும் பாலிசிகள் பலவற்றில் போர்டு விசாரணைக்கான வக்கீல் செலவு ஒரு வரம்பு வரை சேர்ந்தே இருக்கிறது. யாரும் படிப்பதில்லை, நானும் அதுவரை என் பாலிசியைப் படித்ததில்லை. கடிதம் வந்தவுடன் கம்பெனிக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் கூடவே இருக்கும், தாமதித்தால் அந்தப் பணம் போய்விடலாம். அப்புறம், ஆஸ்பத்திரி வக்கீல் இருக்கிறாரே என்று அவரிடம் போய்க் கொட்டிவிடாதீர்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வக்கீல். உங்கள் நலனும் ஆஸ்பத்திரி நலனும் ஒன்றாக இருக்கும்வரை அன்பாகத்தான் பேசுவார். வீடு வாங்கியபோது பத்திரம் பார்த்த வக்கீலும் வேண்டாம். உங்கள் மாநில போர்டில் வருடக்கணக்காக இதையே செய்கிறவர் வேண்டும். சிலர் முன்பு அதே போர்டின் தரப்பில் வேலை பார்த்தவர்களாகவே இருப்பார்கள், எந்தப் பதில் அங்கே எடுபடும் என்று அவர்களுக்குத் தெரியும். தோழியின் வக்கீல் அந்த இரண்டு பக்கத்தை முக்கால் பக்கமாக்கினார். என்ன நடந்தது, எந்தத் தேதியில், அதன் பிறகு கிளினிக்கில் எந்த நடைமுறை மாறியது, அவ்வளவுதான். மகளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

புகார் கொடுத்தவரைத் தேடிப் போகும் எண்ணம் யாருக்காவது இருந்தால் டெக்சாஸில் கெர்மிட் என்ற சிற்றூரில் நடந்ததைப் படிக்க வேண்டும். ஆன் மிட்செல், விக்கிலின் கேல் என்ற இரண்டு நர்ஸுகள் 2009இல் தங்கள் ஆஸ்பத்திரி மருத்துவர் ஒருவரைப் பற்றிப் பெயர் போடாமல் போர்டுக்கு எழுதினார்கள். அந்த மருத்துவரும் அவருடைய நண்பரான ஷெரீஃபும் எழுதியது யார் என்று கண்டுபிடித்து, நர்ஸுகள்மேல் குற்ற வழக்கே போடவைத்தார்கள். ஒருவர்மேல் இருந்த வழக்கு கைவிடப்பட்டது. மிட்செலை 2010இல் ஜூரி விடுவித்தது. கடைசியில் தண்டிக்கப்பட்டவர்கள் ஷெரீஃபும் மருத்துவரும்தான். நர்ஸுகள் வேலையை இழந்து அனுபவித்ததை நினைத்தால் எனக்கு இன்னும் மனம் கனக்கிறது. போர்டுகள்மேல் எனக்கு எவ்வளவு குறை இருந்தாலும், புகார் கொடுக்கும் வழி திறந்திருக்க வேண்டும். டெக்சாஸ் 2011இல் பெயரில்லாப் புகார்களை ஏற்பதில்லை என்று சட்டம் மாற்றியது. மருத்துவர்களுக்கு அது நிம்மதிதான். ஒரு சின்ன ஊர் நர்ஸுக்கு அது எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்கிறேன்.

அடுத்தது கையெழுத்து. விசாரணை கொஞ்ச தூரம் போனதும் போர்டு ஒரு தாளை நீட்டும். டெக்சாஸில் அதற்கு அக்ரீட் ஆர்டர் என்று பெயர், மற்ற இடங்களில் கன்சென்ட் ஆர்டர், ஸ்டிபுலேஷன். இதில் போட்டுவிட்டால் தலைவலி முடிந்தது என்று தோன்றும். பெரும்பாலான வழக்குகள் இப்படி உடன்பாட்டில்தான் முடிகின்றன, அதில் தவறும் இல்லை. ஆனால் எல்லாத் தாளும் ஒன்றில்லை, இதைப் பிரித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதுதான் ஆபத்து. கவலை தெரிவிக்கும் கடிதம், அறிவுரைக் கடிதம் என்பவை பல மாநிலங்களில் ஒழுங்கு நடவடிக்கைக் கணக்கில் வராது. டெக்சாஸில் ரெமிடியல் பிளான் என்று ஒன்று 2011இலிருந்து இருக்கிறது. சில மணிநேரப் பயிற்சி, ஒரு கட்டணம், அத்தோடு சரி, அதுவும் ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. பகிரங்கக் கண்டனம், புரொபேஷன் (நிபந்தனைகளோடு வேலை பார்க்கும் கண்காணிப்புக் காலம்), கட்டுப்பாடு, இடைநீக்கம் என்று போனால் விஷயமே வேறு. அவை 30 நாளுக்குள் தேசிய மருத்துவர் தரவு வங்கிக்கு, அதாவது என்பிடிபிக்குப் போகும். 1990இலிருந்து இயங்கும் அந்த வங்கியில் பதிவுக்குக் காலாவதி கிடையாது. எந்த ஆஸ்பத்திரியில் சேர விண்ணப்பித்தாலும் அவர்கள் அதைப் பார்த்தாக வேண்டும், சேர்ந்த பிறகும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

புரொபேஷன் என்றால் வேலை பார்க்கலாமே, என்ன கஷ்டம் என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கலிபோர்னியாவில் வழக்கமான புரொபேஷன் நிபந்தனைகளில் ஒன்று, மருத்துவருக்குக் கீழே நோயாளிகளைப் பார்க்கும் பிஸிஷியன் அசிஸ்டென்டுகளை மேற்பார்வை செய்யக் கூடாது என்பது. இன்றைக்கு எந்த கிளினிக் அது இல்லாமல் நடக்கிறது? சில வகைக் குற்றச்சாட்டுகளில் புரொபேஷனில் இருப்பதை நோயாளியிடம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும் என்றும் அங்கே 2019 ஜூலையிலிருந்து சட்டம் இருக்கிறது. நோயாளியின் பக்கமிருந்து பார்த்தால் அந்தச் சட்டம் நியாயமானது என்றுதான் நான் சொல்வேன். இவை தவிர இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் தங்கள் பட்டியலிலிருந்து நீக்கலாம், சிறப்புத் துறைச் சான்று தரும் ஸ்பெஷாலிட்டி போர்டுகள் கட்டுப்பாடில்லாத உரிமம் கேட்பதால் அங்கேயும் சிக்கல் வரலாம். ஆகவே தாளை நீட்டும்போது கேட்க வேண்டியது தண்டனை எத்தனை மாதம் என்பது மட்டும் இல்லை. இது ஒழுங்கு நடவடிக்கையா, தரவு வங்கிக்குப் போகுமா, உரிமத்தில் கட்டுப்பாடு என்ற சொல் வருகிறதா, உண்மைகள் என்ற தலைப்பின்கீழ் எந்த வாக்கியம் இருக்கிறது? அந்த வாக்கியங்களைப் பேசி மாற்றலாம். குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே தண்டனையை ஏற்கும் வாசகத்தைக் கேட்டுப் பார்க்கலாம், பக்கத்தில் மால்பிராக்டிஸ் வழக்கும் ஓடிக்கொண்டிருந்தால் கேட்டே ஆக வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசமான முடிவு என்று நான் நினைப்பது உரிமத்தைத் திருப்பிக் கொடுப்பது. "அந்த மாநிலத்தில் நான் இப்போது இல்லவே இல்லை, லைசென்ஸ் சும்மா கிடக்கிறது, கொடுத்துத் தொலைத்துவிடுகிறேன்" என்று சொன்னவர்களை எனக்கே தெரியும். விசாரணை நடக்கும்போது திருப்பிக் கொடுத்தால் அதுவும் தரவு வங்கியில் ஏறும், படிப்பவர்களுக்கு அது குற்றத்தை ஒப்புக்கொண்டது போலத்தான் தெரியும். புதுப்பிக்காமல் விட்டுவிட்டால் போதும் என்பதும் நடக்காது, காலாவதியான உரிமத்தின்மேலும் நடவடிக்கை எடுக்கப் பல மாநிலங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஒரு மாநிலத்தின் நடவடிக்கையையே காரணமாக வைத்து மற்ற மாநிலம் தன் உரிமத்தில் கைவைக்கலாம். சுமார் 40 மாநிலங்கள் சேர்ந்திருக்கும் மாநிலங்களுக்கிடையிலான உரிம உடன்படிக்கை வழியாக வாங்கிய உரிமங்கள் என்றால் இன்னும் கடுமை. நம் முதன்மை மாநிலத்தில் உரிமம் போனாலோ நாமே ஒப்படைத்தாலோ, உடன்படிக்கை வழியாகக் கிடைத்த மற்ற உரிமங்களும் தானாகவே அதே நிலைக்குப் போகும். மாநில உரிமம் இல்லையென்றால் கட்டுப்பாட்டு மருந்து எழுத மத்திய அரசின் டிஇஏ அமைப்பு தரும் பதிவும் நிலைக்காது. தகுதி, நடத்தை தொடர்பான நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போது ஒப்படைத்தால், முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரிலிருந்து விலக்கவும் மத்தியச் சட்டத்தில் இடமிருக்கிறது. 68 வயதில் ஓய்வு பெற்று இனி ஸ்டெதாஸ்கோப்பையே தொடப்போவதில்லை என்று உறுதியாக இருப்பவருக்கு, கண்ணைத் திறந்துகொண்டு, வக்கீலிடம் பேசிவிட்டு, இது சரியான வழியாக இருக்கலாம். நாற்பது வயதுக்காரருக்கு இது வழியே இல்லை.

எதிர்த்து விசாரணைக்குப் போவதுதான் நம் உரிமைகள் முழுதாகக் கிடைக்கும் இடம், ஆனால் எந்த மாநிலம் என்பதைப் பொறுத்து அது வேறுவேறு ஆட்டம். கலிபோர்னியாவில் உரிமத்தைப் பறிக்க வேண்டுமென்றால் தெளிவான, ஐயமற்ற ஆதாரம் வேண்டும் என்று 1982இல் எட்டிங்கர் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. புளோரிடாவிலும் உயர்ந்த அளவுகோல்தான். டெக்சாஸிலும் நியூயார்க்கிலும் எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறது என்பதே போதும். ஒரே ஆதாரம், ஒரு மாநிலத்தில் தப்பிக்கலாம், இன்னொன்றில் மாட்டலாம்.

ஆதாரத்துக்கு அடுத்தது முடிவெடுப்பது யார் என்பது. கலிபோர்னியாவில் நிர்வாக நீதிபதி விசாரித்து ஒரு தீர்ப்பை முன்மொழிவார், ஆனால் போர்டுக் குழு அதை ஏற்காமல் பதிவுகளைத் தானே படித்து வேறு முடிவெடுக்கலாம். நமக்குச் சாதகமாக வந்த தீர்ப்பு இப்படிக் கைநழுவிப் போகலாம். டெக்சாஸில் 2011 மாற்றத்துக்குப் பிறகு நிர்வாக நீதிபதி கண்டறிந்த உண்மைகளைப் போர்டு திருத்த முடியாது, தண்டனையை மட்டும் முடிவு செய்யும். ஆதார அளவுகோல் தாழ்ந்திருந்தாலும் இது பெரிய பாதுகாப்பு என்று நினைக்கிறேன். நியூயார்க்கில் இரண்டு மருத்துவர்களும் ஒரு பொதுமக்கள் பிரதிநிதியும் கொண்ட மூவர் குழு தீர்ப்பளிக்கும். அதன்மேல் மறுஆய்வுக்குப் போனால் தண்டனை கூடவும் வாய்ப்பிருக்கிறது என்பதை மேல்முறையீடு செய்யும் முன் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நிபுணர் சாட்சி, ஆவணங்கள் என்று செலவு ஏறும், வருடம் தாண்டும். கலிபோர்னியாவில் குற்றப்பத்திரிகை தாக்கலான உடனேயே, ஒன்றும் நிரூபணமாகும் முன்பே, இணையத்தில் யாரும் படிக்கலாம். அதற்குப் பதில் மனு போடவும் 15 நாள்தான். அந்த நாள் தவறினால் விசாரணை கேட்கும் உரிமையே போய்விடும், இத்தனை உரிமைகளும் ஒரு காலண்டர் தேதியில் தொங்கிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் நீதிமன்றம். கலிபோர்னியாவில் மேல் நீதிமன்ற நீதிபதி ஆதாரங்களைத் தாமே எடைபோட்டுப் பார்ப்பார், பல மாநிலங்களில் போர்டின் முடிவுக்கு ஆதாரம் இருந்ததா என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நேராக மத்திய நீதிமன்றத்துக்கு ஓடினால், மாநில விசாரணை நடக்கும்போது பெரும்பாலும் தலையிட மாட்டார்கள்.

விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முழுவதும் மாறும், இதை அமெரிக்க வக்கீல்கள் தாமாகக் கேட்பதில்லை. எச்1பியில் இருக்கும்போது உரிமம் இடைநீக்கமாகி வேலை போனால் அதிகபட்சம் 60 நாள் அவகாசம். ஜே1 பயிற்சி விசா முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து, மருத்துவர் பற்றாக்குறைப் பகுதியில் மூன்று வருட ஒப்பந்தத்தோடு விலக்குப் பெற்றவர்களுக்கு அந்த ஒப்பந்தமே ஆட்டம் காணும். நியாயம் முழுக்கத் தன் பக்கம் இருந்தாலும், ஒன்றரை வருடம் சண்டை போடும் நேரம் விசாவில் இருப்பவரிடம் இல்லை. அவர் சிறிய உடன்பாட்டை ஏற்பதை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். குடியேற்ற வக்கீலும் போர்டு வக்கீலும் ஒரே அழைப்பில் பேசிக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள், அது ஒன்றுதான் நான் சொல்வது.

குடி, போதை, மன அழுத்தம் காரணமென்றால் பல மாநிலங்களில் மருத்துவர் நலத் திட்டம் என்று தனிக் கதவு இருக்கிறது. பெரும்பாலும் ஐந்து வருடக் கண்காணிப்பு, கடுமையானது, ஆனால் போர்டு தேடி வரும் முன் நாமே போனால் விஷயம் ரகசியமாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கலிபோர்னியா தன் திட்டத்தை 2008இல் மூடிவிட்டது. உதவி தேவைப்படுகிற நண்பர் யாராவது இருந்தால் இந்தக் கதவு அவருடைய மாநிலத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

தோழியின் வழக்கு ஏழு மாதத்தில், அந்த முக்கால் பக்கப் பதிலோடேயே, நடவடிக்கை இல்லை என்று முடிந்தது. பிறகு வேறொரு மாநிலத்தில் உரிமம் கேட்டு விண்ணப்பித்தாள். "எந்தப் போர்டாவது உங்களை விசாரித்திருக்கிறதா" என்ற கேள்வி வந்ததும் மறுபடி எனக்கு அழைப்பு. தள்ளுபடியானதைக் கூடச் சொல்ல வேண்டுமா அக்கா என்று கேட்டாள். கேள்வி அப்படித்தான் இருந்தது, தண்டித்ததா என்று கேட்கவில்லை, விசாரித்ததா என்றுதான் கேட்டது. அங்கே இல்லை என்று எழுதுவது புதிதாக ஒரு குற்றச்சாட்டை நாமே உண்டாக்குவது. ஆம் என்று குறித்து, வழக்கை முடித்துவைத்த கடிதத்தை ஸ்கேன் செய்து இணைத்தாள். ஆறு வாரத்தில் உரிமம் வந்தது.